எலுமிச்சம்பழக் கிண்ணம்

"சத்தியமா சொல்றேன்டி, எங்க வீட்டை விக்கப் போறாங்க!"

துணி அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு போனில் கிசுகிசுத்தாள் தூவா. கீழே அவள் அம்மா மாலின் கூடத்துச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா?" என்றாள் அவள் தோழி லோவிசா.

"யாரும் சொல்லல. நீலப் பூப்போட்ட வால்பேப்பரை உரிச்சாச்சு. சிவப்பு சோபா போயிடுச்சு. சாம்பல் கலர்ல ஒண்ணு வந்திருக்கு, அது மேல ஆட்டுத்தோல். ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த போட்டோவைக்கூட எடுத்துட்டாங்க."

"மேஜை மேல எலுமிச்சம்பழம் வந்துடுச்சா?"

"என்னது?"

"கிண்ணம் நிறைய வெறும் எலுமிச்சம்பழம். எங்க வீட்டை விக்கிறப்ப, நல்ல விலை போகணும்னு வீட்டை அலங்காரம் பண்ண வந்த அம்மா வெச்சுட்டுப் போனாங்க. அழகுக்காம். நான் ஒண்ணை எடுத்து ஜூஸ் போட்டுட்டேன். எங்க அம்மா குதிச்சா பாரு ஒரு குதி!"

தூவா அலமாரிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். "நேத்தே வந்துடுச்சுடி."

"அப்ப முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை ஊர்ல இருக்கறவன் எல்லாம் தரை அழுக்காகாம ஷூவுக்கு நீல உறை மாட்டிக்கிட்டு வீடு பார்க்க வந்துடுவான். உன் ரூம்?"

"அதை மட்டும் தொடல."

"கடைசியா காலி பண்ணுவாங்க" என்றாள் லோவிசா, எல்லாம் தெரிந்தவளைப் போல.

வசந்தத்தில் அப்பாவும் அம்மாவும் பிரிந்ததிலிருந்து, வெள்ளிக்கிழமை தோறும் தூவா பையைத் தூக்குகிறாள். ஒரு வாரம் இங்கே அம்மாவிடம். மறு வாரம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், அப்பாவின் சின்ன ஃப்ளாட்டில். தேடுகிற புத்தகம் எப்போதும் இன்னொரு வீட்டில்தான் இருக்கும். ஆனாலும், தவழ்ந்த வீடு ஒன்று அப்படியே நிற்கிறதே, அது அவளுக்கு ஒரு தெம்பு. இதுவும் போய்விட்டால் இரண்டு பக்கமும் அவள் விருந்தாளிதான்.

கீழே இறங்கிப் போனாள்.

"அம்மா, திடீர்னு எதுக்கு இந்த வெள்ளை?"

"குளிர்கால இருட்டு வருதில்ல. வீடு வெளிச்சமா இருக்கட்டுமே."

"பொய்! உனக்கு வெள்ளையே பிடிக்காது. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்பே."

"பிடிக்காதுதான்." மாலின் ரோலரைக் கீழே வைத்தாள். மூக்கு நுனியில் வெள்ளைச் சாயம். "ஆனா உள்ளே வர்றவங்களுக்கு, இது அடுத்தவங்க வீடுன்னு உறுத்தக் கூடாது பாரு. என் பூ, என் சிவப்புன்னு நானே நிறைஞ்சு கிடந்தா எப்படி?"



"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அந்த சோபா அவர் சொன்ன கலர்தான். இந்த வருஷம் நாங்க சண்டை போடாம ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான்." மாலின் சிரித்தாள். சிரிப்பு கண்வரை வரவில்லை. "வெள்ளிக்கிழமை அவர் வரட்டும். உன்கிட்ட சேர்ந்து சொல்றோம்."

சேர்ந்து சொல்கிறார்களாம். பிரியப் போவதையும் அவர்கள் சேர்ந்துதான் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை, குப்பையிலிருந்து எடுத்த ஒரு துண்டு நீல வால்பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தாள் தூவா. பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

எப்போதும் அப்பா ஹென்ரிக் மணி அடித்துவிட்டு வாசலிலேயே நிற்பார். இன்று பூட்டில் சாவி திரும்பியது. உள்ளே வந்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையில் ராத்திரிச் சாப்பாட்டுக்கான டாக்கோ சாமான்கள்.

"பையைக் கட்டிக்கிட்டு எங்கடா கிளம்பிட்டே?"

"உன் ஃப்ளாட்டுக்கு. இது உன் வாரம்தானே?"

"என் வாரம்தான்" என்றவர் கோட்டையும் கழற்றி மாட்டினார்.

அவ்வளவுதான், தூவா வெடித்தாள். "விக்காதீங்கப்பா! ஞாயித்துக்கிழமை எவன் வந்தாலும் நான் கதவைத் திறக்க மாட்டேன்!"

ஹென்ரிக் மாலினைப் பார்த்தார். மாலின் அவரைப் பார்த்தாள்.

"யாரு வர்றா? எதை விக்கிறோம்?" என்றார் அவர்.

"நடிக்காதீங்க! வெள்ளைச் சுவர், ஆட்டுத்தோல்... அந்த எலுமிச்சம்பழம்!"

"அடிப் பைத்தியமே" என்று அவளை இழுத்து அணைத்தாள் மாலின். "எலுமிச்சம்பழம் இல்லாம உங்க அப்பாவுக்கு டீ இறங்காதே, மறந்துட்டியா? முன்னாடியே சொல்லியிருப்போம். நடுவுல நாங்க முட்டிக்கிட்டு நின்னா நீ ஏமாந்துடுவியேன்னுதான் சொல்லல."

"எதைச் சொல்லல?"

மாலின் கோட்டை மாட்டிக்கொண்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து தன் பெட்டியை இழுத்தாள்.

"ஃப்ளாட் சாவி எங்க, ஹென்ரிக்?" என்று கை நீட்டியவள், மகளின் மடியிலிருந்த பையைத் தூக்கி மாடிப்படியில் வைத்தாள். "இந்த வாரம் அங்க நான். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா அங்க போவார், நான் இங்க வருவேன். நீ இங்கேயேதான் இருப்பே. இனிமே பையைத் தூக்கறது நாங்க."