இலந்தையடியில் மழை இல்லை

"இண்டைக்கும் சொட்டு மழை இல்லை மிஸ்" என்றாள் கத்தரீனா தொலைபேசியில். இலந்தையடிக் கரையில், தன் வளவில் நட்டிருக்கும் மழைமானியைக் காலையில் பார்த்துச் சொல்கிற தொண்டு அவளுடையது. பின்னால் தவளைகள் கத்திய சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப்போக, மீனலோசனி இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

மீனலோசனி அந்தத் தீவுப் பகுதிக்கு அனர்த்த முகாமைத்துவ அலுவலர். வெள்ளம் வந்தாலும் அவள் தலையில்தான் விடியும், தண்ணீர் இல்லாவிட்டாலும் அவள் தலையில்தான் விடியும். கோடையில் பவுசர் வண்டியில் குடிதண்ணீர் அனுப்புவதும், மழை விழுந்ததும் அந்தப் பவுசரை வேறு ஊருக்குத் திருப்புவதும் அவள் கையெழுத்தில்தான் நடந்தன.

அன்று அவள் பாடு, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தது. இரவு பெருமழை என்று வானிலை அறிவிப்புச் சொன்னது. இலந்தையடிக் குளத்தின் கதவைத் திறந்து வைத்தால் மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும், கரையோர வீடுகள் தப்பும். பூட்டி வைத்தால் அந்தத் தண்ணீர் நிலத்தில் ஊறி, உப்புக் கரிக்கிற கிணறுகள் கொஞ்சமாவது நல்ல தண்ணீராகும்.

குளக்கதவின் பூட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் காத்திருந்த குளக் காவலர் சில்வெஸ்ரர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"திறக்கிறதெண்டால் இப்பவே போகவேணும் மிஸ். வெள்ளம் ஏறினால் கதவடிக்குப் போக ஏலாது."

மீனலோசனி கணினியைப் பார்த்தாள். ஒரு கிழமையாக, ஏழு நாளும், இலந்தையடிக்கு வெறும் பூச்சியம். அலுவலகக் கதிரையில் இருக்கிறவர்களுக்குப் பூச்சியத்தைப்போல நிம்மதி தருகிற இலக்கம் வேறில்லை. தீவில் ஒரு கரையில் கொட்டுகிற மழை மறுகரைக்குத் தெரியாது, அதனால் கத்தரீனா சொல்வதுதான் மீனலோசனிக்கு வேதவாக்கு.

"வேண்டாம் அண்ணை. அங்கை நிலம் காய்ஞ்சு கிடக்கு. விழுற மழையைக் குடிச்சுப்போடும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிரவு அவளால் கண் மூட முடியவில்லை. மழை சொன்னபடியே வந்து, சொன்னதற்கு மேலேயும் கொட்டியது.

விடிந்தபோது இலந்தையடி வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஆட்களைத் தோணியில் ஏற்றி மாதா கோயில் மண்டபத்தில் சேர்த்திருந்தார்கள். உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் ஆடுகளும் வலைகளும் அடுப்பும் தப்பவில்லை. மீனலோசனி மண்டபத்துக்குப் போனாள்.

வாசலில் நின்ற மீனவர் ஒருவர் அவளை மறித்து, ஒரு கிழமையாகப் பெய்த மழையில் நிலம் ஏற்கெனவே சொதசொதவென்று கிடந்ததே, ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூலையில் கத்தரீனா நனைந்த பாயைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவளுடைய வீடும்தான் தண்ணீரில் மூழ்கியிருந்தது. அதையெல்லாம் பார்க்கிற நிதானம் மீனலோசனிக்கு இல்லை, ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு கிழமையா மழை பெஞ்சிருக்கு. ஏனக்கா பொய் சொன்னனீங்கள்? உங்களை நம்பித்தானே கதவைப் பூட்டி வச்சனான்."

கத்தரீனா அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. முதல் மழையோடு கிணற்று உப்புப் போய்விடாது, அதற்கு மாதக்கணக்காகும், அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது என்று பிழிந்தபடியே கேட்டாள். பிறகு பாயைக் கீழே வைத்துவிட்டு மீனலோசனியை நேராகப் பார்த்தாள்.

"போன வருசம் உண்மையைத்தான் மிஸ் சொன்னனான். அண்டைக்கே பவுசரை நிப்பாட்டிப் போட்டியள்."