ஏழாவது சுற்று

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஏழாவது சுற்று தொடங்கியது. அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் மூன்று நாள் தேர்வில் அதுதான் கடைசிச் சுற்று.

லேண்டன் சோபாவில், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எடுக்கப்போகும் அணி, டிவியில் பெயரை அறிவிப்பதற்கு முன் ஆட்டக்காரனைப் போனில் கூப்பிடும். மூன்று நாளாக அவனை யாரும் கூப்பிடவில்லை.

செப்டம்பரில், முதல் சுற்றிலேயே போய்விடுவான் என்று எழுதினார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் இப்படி ஒரு குவார்ட்டர்பேக்கை நெப்ராஸ்கா கல்லூரி அணி பார்த்து வெகுகாலம் ஆகிறது என்றார்கள். பிப்ரவரியில் மூன்றாவது சுற்று என்றார்கள். மார்ச்சில் அந்தச் செய்தி வந்தது. அதன் பிறகு அவனைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

வியாழக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். இன்று அவனும் அம்மா டார்லாவும் வேட்டும்தான்.

வேட் கொல்லையிலிருந்து சுட்ட விலா இறைச்சியுடன் வந்தான். கல்லூரியில் நான்கு வருடமும் லேண்டனுடன் ஒரே அறையில் இருந்தவன். மைதானத்தில் லேண்டன்மேல் யாரும் பாய்ந்துவிடாமல் முன்னால் நின்று தடுப்பவன்.

"சாப்பிடுடா. வெறும் வயித்துல போன் எடுத்தா குரலே வராது."

"போன் வந்தாத்தானே."

"வரும்."

"நான் போற டீமுக்கு உன்னையும் இழுத்துக்குவேன்னு ஸ்கவுட்டுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். இப்ப எனக்கே நாதியில்ல."

"என்னை யாருடா எடுப்பா? கதவுக்கு முட்டுக்கொடுக்க வேணா எடுப்பானுங்க."

டார்லா சிரிக்கவில்லை. டிவியில் அந்தச் செய்தியை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நவம்பரில், பனி கொட்டிய ஆட்டத்தில் தலையில் அடிபட்டதை லேண்டன் டாக்டரிடம் மறைத்தான். மறுநாள் விடியற்காலையில் வாந்தி. ஷூ லேஸ் கட்டக்கூட அவனுக்குத் தெரியவில்லை. சொன்னவர் அவனுக்கு நெருங்கிய ஒருவர். பெயர் சொல்ல விரும்பவில்லை.

அணிகளுக்காக ஆள் பார்த்துச் சொல்லும் ஸ்கவுட்டுகள் ஆட்டக்காரனிடம் பேசுவதைவிட அவனைச் சுற்றியிருப்பவர்களிடம்தான் அதிகம் பேசுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார், முடிவெட்டுபவர், காதலி என்று யாரையும் விடமாட்டார்கள்.

வாசல் மணி அடித்தது. பெய்ஜ் நின்றிருந்தாள். கையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம், பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. ஜனவரி வரை லேண்டனின் காதலி.

டார்லா கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"வெக்கமா இல்லையாடி உனக்கு? எம்புள்ள பொழப்பை வித்துட்டு, கெழங்கு வேகவெச்சு எடுத்துட்டு வர்றியா?"

"நான் யார்கிட்டயும் பேசலை. சத்தியமா."

லேண்டன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "அன்னிக்குக் காலையில உனக்கு மட்டும்தான் போன் பண்ணினேன். என் வாயால வேற யார்கிட்டயும் சொல்லலை."

"வாந்தி எடுத்தேன்னு சொன்னே, அழுதே. ஆனா ஷூ லேஸ் பத்தி எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே, லேண்டன்."

அப்போது போன் அடித்தது.

லேண்டன் எழுந்த வேகத்தில் தட்டு கவிழ்ந்தது. டார்லா கதவை விட்டுவிட்டு ஓடிவந்தாள். வேட் பின்னாலிருந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டான்.

"ஸ்பீக்கர்ல போடுறா!"

பதிவு செய்த பெண் குரல். உங்கள் காரின் உத்தரவாதக் காலம் முடியப்போகிறது, புதுப்பிக்க ஒன்றை அழுத்தவும்.

லேண்டன் அதைக் கடைசிவரை கேட்டான்.

டார்லா திரும்பிப் போனபோது வாசலில் யாரும் இல்லை. பாத்திரம் படியில் இருந்தது. அதை எடுத்து அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டாள். கண்ணாடி உடையும் சத்தம் உள்ளே கேட்டது.

டிவியில் ஒரு குவார்ட்டர்பேக்கின் பெயரைச் சொன்னார்கள். லேண்டன் அவனை ஒரே பருவத்தில் இரண்டு முறை தோற்கடித்திருந்தான். அந்த வீட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவதைக் காட்டினார்கள்.

"உங்க மாமா டயர் கடையில ஆள் வேணும்னாரு," என்றாள் டார்லா. "திங்கக்கிழமையே வரச் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"நேத்து."

"நேத்து இன்னும் நாலு ரவுண்டு பாக்கி இருந்துச்சும்மா."

டார்லா குனிந்து தரையில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கினாள்.

வேட் தன் போனை எடுத்தான்.

"அம்மா, ஒரு ஸ்கவுட்டை எனக்குப் பழக்கம். இவனுக்காக ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா? இன்னும் கொஞ்ச பேரை எடுப்பாங்க."

"பேசுடா கண்ணா. எங்கூட நிக்க நீ ஒருத்தன்தான்டா இருக்கே." டார்லா எட்டி அவன் முகத்தைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். லேண்டன் நிமிர்ந்து பார்த்தான். மூன்று நாளில் முதல் முறையாக அவன் கண்ணில் ஏதோ இருந்தது.

"தேங்க்ஸ்டா," என்றான்.

வேட் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு கார் கொட்டகைக்குப் பின்னால் போனான். அங்கேயும் டிவி லேசாகக் கேட்டது. ஒரு பெயர், கைதட்டல், அடுத்த பெயர். மூன்று தடவை முயன்ற பிறகு மறுமுனையில் எடுத்தார்கள்.

வேட் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினான்.

"சார், அவனைப் பத்திச் சொன்னா கடைசி ரவுண்டுல என்னை எடுத்துக்கறேன்னீங்களே, முடியப்போவுதே சார்?"