ஆஸ்திரேலியாக்காரியின் சிறுவீடு

"அக்கா, எங்க வீட்டுல இருக்கது ரெண்டும் தடிப்பயலுவ. இங்கன எதுக்கு சிறுவீடு?" ஜெயசித்ரா போனில் சொல்லிப் பார்த்தாள்.

மெல்பர்னிலிருந்து பேசிய இசக்கிச்செல்வி விடுவதாக இல்லை. அவள் ஜெயசித்ராவின் கணவனுக்கு அண்ணி; மகள் அபர்ணா.

"இது வாடகை வீடு சித்ரா. மண்ணைத் தொட்டா வீட்டுக்காரன் சத்தம் போடுவான். போன தைக்கு ஊர்ல பார்த்ததுல இருந்து அபர்ணா சிறுவீடு சிறுவீடுன்னு உசுரை எடுக்கா. மார்கழி பொறந்ததும் அவ பேருல நீ கட்டிரு. தெனமும் போட்டோ அனுப்பணும், என்ன?"

அவர்கள் ஊரான மேலகரத்தில் பெண்பிள்ளை உள்ள வீடுகளில்தான் சிறுவீடு. மார்கழியில் வாசலில் மண்ணால் குட்டி வீடு கட்டி, தினமும் கோலத்தில் சாணி பிடித்துப் பூசணிப்பூ வைத்து, தையில் ஒருநாள் அந்தக் குட்டி வீட்டுக்குள் பொங்கல் வைப்பார்கள்.

ஆய்க்குடியில் பிறந்த ஜெயசித்ராவும் கல்யாணம் வரை வருஷம் தவறாமல் கட்டியவள்தான். இரண்டும் பையன்கள் என்றானதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். மார்கழியில் எதிர்வீட்டு வாசலைக் கடக்கும்போது கொஞ்சம் வலிக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

"பகலெல்லாம் ஜவுளிக்கடையில நின்னு சேலை விரிச்சுப் போட்டுட்டு வருதேன். காலு ரெண்டும் எனக்கு இல்ல. இதுல சாணிக்கு எங்கன போவேன்?" கணவனிடம் புலம்பினாள்.

"அண்ணி கேட்டு முடியாதுன்னு எப்பிடிச் சொல்ல? செஞ்சிரேன்," என்றான் முத்துச்செல்வம், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். சொல்கிறவனுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது?

கட்டினாள். வாய்க்கால் கரையிலிருந்து வாளி வாளியாக மண் சுமந்தது அவள்தான். பையன்கள் செய்த உதவி, பந்தடித்து இரண்டு முறை சுவரை இடித்தது.

மெல்பர்னிலிருந்து உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன.

"அடுப்பங்கரையைக் கொஞ்சம் பெருசாக் கட்டு."

"சுவத்துக்குக் காவி அடிக்கலியா?"

"நேத்து போட்டோவுல பூ வாடிக் கெடந்துச்சே?"

எதிர்வீட்டு வடிவம்மாள் கம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்ன சித்ரா, பயலுவளுக்கா சிறுவீடு?"

"ஆஸ்திரேலியாக்காரிக்கு, மதினி. அவ அங்கன உக்காந்து அதிகாரம் பண்ணுதா, நான் இங்கன மண்ணு மிதிக்கேன்."

"அவளுக்கென்ன, நோகாம நுங்கு திங்கா."

அது ஜெயசித்ராவுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் அன்றைக்குக் காவி அடித்தாள். யாரும் கேட்காமலே குட்டி வாசலுக்கு இரண்டு படியும் வைத்தாள். ஏன் வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கிப் பொங்கல் வைத்தாள். குட்டிப் பானை பொங்கி வழிந்தது. கண்ணில் புகை, இடுப்பில் பிடிப்பு. அப்படியே வீடியோ காலில் மெல்பர்னைக் கூப்பிட்டாள்.

அபர்ணாதான் எடுத்தாள். "அம்மா கடைக்குப் போயிருக்கா சித்தி. ஐ, பொங்கிருச்சா!"

ஜெயசித்ரா புகை படிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பிள்ளைக்குப் பின்னால், துணி காயும் கொடிக்குக் கீழே, ஒரு சிறுவீடு இருந்தது. காவிச் சுவர், கோலம், பூசணிப்பூ, எல்லாம்.

"ஏட்டி, ஒனக்குப் பின்னால என்னது?"

"என் சிறுவீடு சித்தி! அப்பா கடையில மண்ணு மூட்டை வாங்கிட்டு வந்தாங்க. நானும் அம்மாவும் கட்டினோம். சாயங்காலம் பொங்கல்."

ஜெயசித்ராவுக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. "மண்ணைத் தொட்டா வீட்டுக்காரன் சத்தம் போடுவான்னு சொன்னாளே ஒங்கம்மா?"

அபர்ணா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப ஒரு மாசமா நான் இங்கன செத்துச் சுண்ணாம்பானது யாருக்கு, ஏட்டி? நான் என்ன ஒங்க வீட்டு வேலைக்காரியா?" ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கத்துகிறோம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"ஒங்களுக்குத்தான் சித்தி," என்றாள் அபர்ணா மெதுவாக.

"எனக்கா?"

"போன வருசம் எதுத்த வீட்டு சிறுவீட்டைப் பாத்துக்கிட்டே நீங்க ரொம்ப நேரம் நின்னீங்களாம். அம்மா சொல்லிச் சொல்லி அழுதா. ஒங்க வீட்டுல பாப்பா இல்லல்லா, அதான் என் பேரைக் குடுத்தோம்."

பானை அடியில் பிடிக்கத் தொடங்கியது. ஜெயசித்ரா அடுப்பைத் தணிக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"அதை நேராச் சொல்லவேண்டியதுதான? 'சித்ரா, ஒனக்கு ஆசைன்னா நீ கட்டு'ன்னு?"

"சொன்னா கட்டமாட்டீங்களாம் சித்தி. அடுத்தவங்க வேலைன்னு சொன்னாத்தான் செய்வீங்களாம்."