ரப்பர் புழு

பாலைவனத்து நடுவே இருந்த அந்த ஏரியில் விடிந்ததுமே சந்தைக்கடை இரைச்சல். மோட்டார் படகுகள் குறுக்கும் நெடுக்கும் பறந்தன. தூண்டில்காரர் ஒருவரை மடியில் உட்காரவைத்து மிதந்துகொண்டிருந்தது, உடம்பெல்லாம் பஞ்சர் ஒட்டிய ஒரு லாரி டியூப். அதற்கு எரிச்சல் தாங்கவில்லை. தன் நிழலில் ஒதுங்கிய கிழட்டுக் கெண்டையிடம் புலம்பியது.

“அந்தக் காலத்துல இங்கே நாம ரெண்டு பேர்தான், அக்கா. தண்ணி அசையாது. வானமே இறங்கிவந்து படுத்திருக்கும்.”

“வாஸ்தவம், தம்பி. தூண்டில்லகூட நிஜ மண்புழு வைப்பாங்க. முள்ளுல படாம எத்தனை தடவை உருவித் தின்னிருக்கேன். இப்போ தொங்குதே, இது வெறும் ரப்பர்.”

“ரப்பரைப் பழிக்காதே அக்கா, நானும் ரப்பர்தான்.”

“உன்னைச் சொல்லலைப்பா. இது எவ்வளவு மட்டம்னு கடிச்சே காட்டறேன், பாரு.”

கடித்துக் காட்டியது. தூண்டில் சரக்கென்று மேலே போனது.

வெயில் ஏறியது. பிறகு ஒரு பொடிக் கெளுத்தி நிழலுக்கு வந்து சேர்ந்தது.

“காலையில இங்கே ஒரு கெண்டை இருந்தா,” என்று ஆரம்பித்தது டியூப். “அவளை மாதிரி ருசி தெரிஞ்சவங்க இப்போ யாரு இருக்கா?”