ராஜசுழி

பொலிகுதிரை வீரனின் விலாவில் காசு மாதிரி வட்டமாகத் தடிப்பு எழும்பியதும், "ராஜசுழி! அதிர்ஷ்டக்காரன்!" என்று லாயத்துக் குதிரைகளெல்லாம் கொண்டாடின. செம்பி என்ற பெட்டைக் குதிரை ஆசையோடு அவனைச் சேர்ந்தாள்.

கொஞ்ச நாளில் வீரனின் பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கின. மாட்டு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "சேர்க்கையில ஒட்டுற நோய். இந்தத் தடிப்பு இருக்கிற பெட்டையையும் உயிரோட விடக்கூடாது" என்றார். வீரனை வெளியே கூட்டிப்போனார்கள். கடிவாளம் மட்டும் திரும்பி வந்தது.

செம்பியின் விலாவிலும் வட்டமாக ஒன்று எழும்பியது. அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டே நின்றாள். தண்ணீர் குடிக்கக்கூடத் திரும்பவில்லை.

வீரனின் கடிவாளத்தைப் போட்டுக்கொண்டு புதுப் பொலிகுதிரை மாறன் வந்தான். சுவர்ப் பக்கமாக எட்டிப் பார்த்தான்.

"விலாவுல என்ன அது?"

உண்மையைச் சொன்னால் தன்னையும் கூட்டிப்போவார்கள்.

"ராஜசுழி" என்றாள் செம்பி.

மாறன் சொக்கிப்போய் நெருங்கி வந்தான்.