அழித்த ஓரங்கள்

வக்கீல் தகுதித் தேர்வுக்குச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். ஆனால் அதில் கையால் எழுதிய ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது. தவமணி அக்காவிடம் இருந்தது ஒரே புத்தகம். அதன் ஓரமெல்லாம் இரண்டு வருடமாக அவள் பென்சிலால் எழுதிய குறிப்புகள். மூன்று நாள் உட்கார்ந்து நான்தான் அழித்தேன். தேர்வுக்கூட வாசல் பந்தலில் சோதனை செய்த அம்மாள் பக்கங்களைப் புரட்டியபோது ரப்பர் தூள் அவர் புடவையில் உதிர்ந்தது. கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார்.

“பள்ளம் பள்ளமா இருக்கே. எழுதியிருந்தியா?”

“எழுதினேன் மேடம். அழிச்சாச்சு.”

“புஸ்தகத்தை வச்சுட்டு உள்ள போ.”

“புக் இல்லாம போனா போன தடவை மாதிரி ஃபெயில்தான் மேடம். அழிச்சதுல ஒரு வார்த்தை படிச்சுக் காட்டுங்க, நானே வச்சுட்டுப் போறேன்.”

“பாஸாகுறதுக்கு முன்னாடியே கேஸ் நடத்துறாங்கப்பா” என்றார் வரிசையில் ஒருவர். சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. முதல் மணி அடித்தது. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புத்தகத்தோடு பந்தல் நிழலைவிட்டு வெளியே வந்தார். காலை வெயில் சாய்வாக விழுந்தால் அழித்த எழுத்துகளைப் படிக்க முடியும் என்பதை அக்காவிடம் நான் சொல்லியிருக்கவில்லை.