பால்குடத்துக்கு ஒரு சோடி சப்பாத்து

"என்னது? பால்குடம் தூக்குறதுக்குச் சப்பாத்தா?"

செருப்புக்கடை மீராசாஹிப் நானா போட்ட சத்தத்தில், ஹட்டன் பஜாரில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரக்கறி விற்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ஜெயந்தினி அசரவில்லை. றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை டீச்சர் அவள். நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் போடாத கூச்சலா!

"ஆமா நானா. ஆத்தங்கரையில இருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் ஒரே பாறைப் பாதை. மழைக்குப் பாசி வேற. வழுக்காத சப்பாத்தா குடுங்க. ஆனா அடி மொத்தமா, தடியா இருக்கக் கூடாது."

நானா முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு சோடியை எடுத்துப் போட்டார். "இந்தா. மலை ஏற வர்ற வெள்ளைக்காரங்க இதத்தான் தேடி வாங்குறாங்க."

கையில் தூக்கிப் பார்த்தாள். "அம்மாடி, செங்கல்லு மாதிரி கனக்குது! இதப் போட்டா கீழ கல்லு இருக்கா பள்ளம் இருக்கான்னே காலுக்குத் தெரியாது. குடம் ஆடிரும்."

"சரி, இது? பூ மாதிரி இருக்கும்."

"அடியில பல்லே இல்லையே நானா. இதோட பாறையில கால வச்சா நேரா ஆத்துக்குத்தான் திரும்பி வரணும்."

மூன்றாவது சோடி மெல்லிசு. அடியில் சின்னச் சின்ன ரப்பர் பல்லு. ஜெயந்தினி அதை இரண்டாக மடக்கினாள். ஈரத்துணி மாதிரி முறுக்கினாள். உள்ளே கையை விட்டு, தையல் எங்கேயாவது உறுத்துகிறதா என்று தடவினாள். விரல் வைக்கிற இடம் அகலமா என்று பார்த்தாள். அதோடு விட்டாளா? சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றி அடியில் ஒரு குத்து!

"ஏய் ஏய்! விக்கிற சாமான் புள்ள!"

"ஏறல நானா," என்று சிரித்தாள்.

பிறகு அதைப் போட்டுக்கொண்டு வெளியே போய், சாக்கடைக் கான் ஓரத்தில் பாசி பிடித்த படியில் ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள்.

"அல்லாவே! விழுந்தா பழி என் தலையிலதான்."

வழுக்கவில்லை. அவள் முகமெல்லாம் பல்லு.

நானாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் வேற மார்க்கத்து ஆளு, சொல்லக் கூடாது. ஆனாலும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. வருசா வருசம் உங்க திருவிழாவுக்கு வந்து பாக்குறவன் நான். வீரம்மா மொதக் குடத்தத் தூக்கிக்கிட்டு வெறுங்கால்ல வருவாளே, பாக்கவே மனசு நெறஞ்சு போகும். அவ உன் காலப் பாத்தா என்ன சொல்லுவா?"

ஜெயந்தினியின் சிரிப்பு போய்விட்டது. "அத நெனச்சாத்தான் நானா எனக்கும் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை திருவிழா. இது சரிவரலன்னா இந்த வருசம் பால்குடமே இல்லாமப் போயிரும்."

"நல்லா இருக்கு நாயம்! சப்பாத்து இல்லாட்டி சாமியே வேணாமா?"

அவள் சப்பாத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இதே மாதிரி எல்லா சைஸும் இருக்கா நானா? மத்த பொம்பளைங்களும் வருவாங்க."

நானா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

சொன்னபடி வந்தார்கள். கொழுந்து எடுத்து முடிந்ததும், பஸ் பிடித்து, கூட்டம் கூட்டமாக. எல்லாருக்கும் அதே சப்பாத்துத்தான் வேண்டுமாம். நானா திட்டிக்கொண்டே விற்றார், விற்றுக்கொண்டே திட்டினார்.

வியாழக்கிழமை கோயில் கமிட்டித் தலைவர் கந்தப்பன் கடைக்குள் கால் வைத்ததுதான் தாமதம், நானா பிடித்துக்கொண்டார்.

"வாங்க தலைவரே, வாங்க! உங்க தோட்டத்துப் பொம்பளைங்க செய்யிற வேலை தெரியுமா? நாளைக்கு அத்தனை பேரும் சப்பாத்து மாட்டிக்கிட்டுப் பால்குடம் தூக்கப் போறாங்களாம். காலம் கெட்டுப்போச்சு. கொஞ்சம் கண்டிச்சு வைங்க!"

கந்தப்பன் சாவகாசமாக உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். காலை நீட்டினார்.

"எட்டாம் நம்பர் இருக்கா நானா?"

"தலைவரே... நீங்களுமா?"

"பூசாரிக்கும் ஒண்ணு எடுங்க. அவருக்கு ஏழு."

நானாவுக்கு வாய் அடைத்துப்போனது. ஹட்டன் பஜாரில் அது அபூர்வமாக நடக்கிற காரியம். கந்தப்பன் வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"வெளிய சொல்லிராதீங்க. வீரம்மாவுக்குச் சீனி வருத்தம். ரத்தத்துல சீனி கூடிக் காலு மரத்துப்போச்சு, முள்ளு ஏறினாலும் தெரியாது. வெறுங்கால்ல நடக்கவே கூடாதுன்னு டொக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. எல்லாரும் வெறுங்கால்ல வர்றப்போ நான் மட்டும் சப்பாத்து போட்டுக்கிட்டு அம்மன் முன்னாடி எப்படி நடப்பேன், நான் வரலன்னு லயத்து வீட்டுல ஒக்காந்து அழுதுட்டா. மொதக் குடம் கெளம்பாம மத்தக் குடம் எப்படி நானா கெளம்பும்?"

"அந்த டீச்சர் புள்ள என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"உங்ககிட்ட சொன்னா பஸ் ஸ்டாண்டுல மைக் வச்சுச் சொன்ன மாதிரி. தனக்காகத்தான் இதெல்லாம்னு தெரிஞ்சா வீரம்மா மறுபடியும் ஒக்காந்துருவா. பாதை வழுக்குது, இந்த வருசம் எல்லாரும் சப்பாத்து போட்டே ஆகணும்னு கமிட்டியில முடிவு பண்ணியாச்சுன்னு சொல்லி வச்சிருக்கோம். கோயில் வாசல்ல எல்லாரும் கழட்டிருவோம், அவ காலுல எதுவும் குத்தாம உள்ள சாக்கு விரிச்சாச்சு."

கந்தப்பன் புதுச் சப்பாத்தில் எழுந்து நின்று, இரண்டு எட்டு நடந்து பார்த்தார்.

"அவ ஒருத்தி போட்டா அது குத்தம் நானா. ஊரே போட்டா அது வழக்கம்."